சம்பந்திக்கு வாங்கிய சால்மன்

அக்கா,

விரல்களில் மீன் வாசனை இன்னும் போகவில்லை. எலுமிச்சை தேய்த்துக் கழுவியும் அப்படியே இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே அஜ்மான் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்து கிடக்கின்றன. நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் உங்கள் மகள் தூங்குகிறாள். நோர்வேயிலிருந்து காலையில்தான் வந்தாள். நீங்கள் கண்மூடிய பிறகு, நாம் மூவரும் சேர்ந்திருந்த இந்த வீட்டுக்கு அவள் வருவது இதுவே முதல் முறை. உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது, எழுதுகிறேன்.

அவளுடைய கல்யாணப் பேச்சு நடந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. பையனும் பெண்ணும் போனிலேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி. பையனின் பெற்றோர் நோர்வேயிலிருந்து கொழும்பு போகும் வழியில் துபாயில் இறங்கி, ஒருவேளைச் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்து, தனியாளாக அவளை வளர்த்தவர் நீங்கள். "என்ர பிள்ளையை அவை குறைவா நினைக்கக் கூடாது" என்று துணி மடிக்கும்போதும் சொன்னீர்கள், பாத்திரம் கழுவும்போதும் சொன்னீர்கள். நோர்வேக்காரருக்குச் சால்மன்தான் வைக்க வேண்டும், அதுவும் வளர்ப்பு மீனாக இருக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். உங்கள் பிடிவாதத்திடம் நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்?

நான் தூத்துக்குடிக்காரி, ஒரே வீட்டில் குடியிருந்து உங்களுக்குத் தங்கையானவள். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கியே பழக்கம். நாம் போன சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிடந்ததோ இரண்டு வகையாக வெறும் சதைத் துண்டுகள். "செவுள் பாக்கத் தலையே இல்லையேக்கா!" என்றேன். கவுண்டரில் நின்ற மலையாளி, "ரெண்டும் சால்மன் தன்னே சேச்சி" என்று அவசரப்படுத்தினார். நீங்கள் அசையவில்லை. போனில் படித்து வைத்திருந்ததை முணுமுணுத்தபடி ஒவ்வொரு துண்டாகக் குனிந்து பார்த்தீர்கள். வளர்ப்பு மீன் வெளிறிய ஆரஞ்சு நிறம், சதைக்கு நடுவே அகலமான வெள்ளைக் கொழுப்புக் கோடுகள். கடலில் பிடித்தது அடர்ந்த சிவப்பு, மெலிந்த துண்டு, கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். "நிறத்தை மட்டும் நம்பாத பிள்ளை, தீனி போட்டும் நிறம் வரப் பண்ணுவினம். கோட்டைப் பார், பிறகு லேபிளைப் பார்" என்றீர்கள். அட்லாண்டிக் என்றால் பெரும்பாலும் வளர்ப்புதான் என்று அப்படி எழுதியிருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அலாஸ்காவில் பிடித்தது என்று எழுதியிருந்த ஒன்றை எடுத்தீர்கள். விலையைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது வெளியே வேக்காடு, உள்ளே ஏசி. பஸ் கண்ணாடி முழுக்க நீர் பூத்திருந்தது. மீன் பை உங்கள் மடியில். "இது கடல் முழுக்கச் சுத்திப்போட்டு, கடைசியில தான் பிறந்த ஆத்துக்கே திரும்பிப் போகுமாம்" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து நீங்களே சிரித்தீர்கள். "யாழ்ப்பாணத்தில ஆறே இல்லை. நாங்கள் எங்க போறது?" தெருவிளக்குகள் கண்ணாடி ஈரத்தில் கரைந்து கரைந்து போயின. இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போனதே நம் இருவருக்கும் தெரியவில்லை. அந்த பஸ்ஸில் நாம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம் என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

மறுநாள் அதைப் பாரை மீன் போல நினைத்து, புளியும் தேங்காய்ப்பாலும் விட்டு நெடுநேரம் கொதிக்க வைத்தீர்கள். கொழுப்பில்லாத மீன், காய்ந்து தேங்காய்த் தும்பு மாதிரி ஆகிவிட்டது. அது போதாதென்று, பரிமாறும்போது பெருமையாகச் சொன்னீர்கள்: "இது உங்கட பக்கம் அடைச்சு வச்சு வளர்க்கிற மீன் இல்லை. கடலில ஓடித் திரிஞ்சது."

பையனின் அம்மா கையை இலையிலேயே நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த கணவரைக் காட்டினார். "இவர் அங்க வளர்ப்பு மீன் வெட்டுற தொழிற்சாலையிலதான் வேலை. அந்தச் சம்பளத்திலதான் பிள்ளையளை ஆளாக்கினது" என்றார்.

 உங்கள் கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. சமையலறை வாசலில் நின்ற உங்கள் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

பையனின் அப்பா மட்டும் தன் இலையிலிருந்த துண்டைப் பிட்டு, மெதுவாக மென்றார். இன்னொரு துண்டு கேட்டார். "தங்கச்சி, காலம் முழுக்க ஊருக்கெல்லாம் மீன் வெட்டிக் குடுத்திட்டன். எனக்கெண்டு ஒருத்தரும் இப்பிடித் தேடி மீன் வாங்கி வச்சதில்லை" என்றார். அவர்கள் போன பிறகு நீங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதீர்கள். சந்தோஷத்தில்தான்.

இன்று காலை நானும் அதே கவுண்டரில் குனிந்து கோடு பார்த்தேன். அதே குழம்புதான் வைத்தேன். முதல் வாய் எடுத்ததும் உங்கள் மகள் நிமிர்ந்து பார்த்தாள். "சித்தி, அம்மா வச்ச மாதிரியே காய்ஞ்சு போச்சு" என்று சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டில் எதுவும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

இந்த மீன் நிறம் மாறியதுமே அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், அக்கா. பக்கத்திலேயேதான் நின்றேன். கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.