கதவு வைத்த குடிசை

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பூனை எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தினமும் நினைப்பு. உன் கைப்பேசிக்குப் போட்டால் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். அம்மா அவளிடமே உன்னை விசாரிக்கிறாள். போன கடிதம் திரும்பி வரவில்லை, அதனால் அது உன் கையில் கிடைத்திருக்கும் என்று அம்மா உறுதியாக இருக்கிறாள். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, தலையை ஈரத்தோடு பின்னாதே, கோபம் இருந்தால் கோபம் என்றாவது ஒரு வரி எழுது என்று சொல்லச் சொல்கிறாள். நான் இப்போதும் வீட்டிலிருந்தே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை, அங்கே எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது, பொத்தான்கள் எதுவும் கேட்பதில்லை.

அம்மாவுக்கு அருங்காட்சியக வேலை அப்படியேதான் இருக்கிறது. பழங்குடி மக்களின் முகமூடி அறை, கூடை அறை, மேளங்கள் இருக்கும் அறை எல்லாவற்றையும் பெருக்குவது, பொம்மைகளின் துணியைத் துவைத்துக் கிழிசல் தைப்பது. உன் முகம் வைத்த பொம்மை காட்சிக் குடிசைக்குள் அதே இடத்தில் கூடை முடைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாளில் பொம்மை செய்கிற சுண்ணாம்பு மாமா உன்னைப் பிடித்து உட்காரவைத்து, மூக்கில் இரண்டு குழாயைச் செருகி, முகம் முழுக்க மாவுக்கட்டு போட்டு அச்செடுத்தாரே, அதை நான் மறக்கவே இல்லை. வெளியே வந்து நீ, உள்ள ஒண்ணுமே கேக்கலடி, என் மூச்சு மட்டும் யாரோ பக்கத்துல படுத்து விடுற மாதிரி கேட்டுச்சு என்றாய். அச்சில் உன் கண்கள் மூடியிருந்தன. அவர்தான் பிறகு கத்தியால் திறந்துவிட்டார். வெளியூருக்குக் கிளம்பும்போது அம்மா அழுததற்கு நீ சிரித்துக்கொண்டு, எதுக்கும்மா அழற, அதான் மியூசியத்துல உக்காந்திருக்கேனே, தேடினா அங்க வந்து பாத்துக்கோ என்றாய். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். காலையில் முதல் வேலையாக அந்த முகத்தைத்தான் துடைக்கிறாள், அப்படித் துடைக்கும்போது என்ன சாப்பிட்ட என்றும் கேட்கிறாள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் குடிசை எந்த மக்களுடையதோ அவர்களில் சிலரை அருங்காட்சியகத்து மேடம் வரவழைத்து, எல்லாம் சரியாக வைத்திருக்கிறதா என்று சுற்றிக் காட்டினார். துணிமூட்டையைத் தூக்க நானும் அன்றைக்குப் போயிருந்தேன், தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இடுப்பில் குழந்தையோடு உன் வயசுப் பெண் ஒருத்தி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் உன்னையே பார்த்தாள். வீடு எங்க வீடு மாதிரியேதான் இருக்கு, இவ யாரு, எங்காளு இல்லையே என்றாள். மேடம் சிரித்து, அது பொம்மைம்மா என்றார். பொம்மை சரி, முகம் யாரோடது, இந்தக் கதவு ஏன் வெறும் சாயமா இருக்கு, உள்ள உக்காந்தவ எந்திரிச்சு எப்படி வீட்டுக்குப் போவா என்று கேட்டாள். குடிசையின் பின்சுவரில் கதவு மாதிரி வரைந்துதானே வைத்திருக்கிறார்கள், முன்பக்கம் ஆட்கள் பார்ப்பதற்காக வெட்டித் திறந்தது. நாம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் அதோடு குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் இருந்த சீப்புகளைப் பார்த்து, தலைகீழா வச்சிருக்காங்க பாரு என்று சிரிக்கப் போய்விட்டாள். அம்மா மட்டும் துடைப்பத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். எம்பொண்ண நானே உள்ள வச்சு அடைச்சிருக்கேனே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொன்னாள்.

அதற்குப் பிறகு மேடத்தை அவள் விடவில்லை. அந்த மக்களே குறை சொல்லிவிட்டார்கள் என்பதால் மேடமும் ஒத்துக்கொண்டார். தச்சர் வந்து, இன்னிக்குக் கதவு கேக்குற, நாளைக்கு உம்பொண்ணுக்கு ஃபேன் மாட்டச் சொல்லுவியாக்கா என்று கிண்டல் செய்துகொண்டே வரைந்த கதவை அறுத்தெடுத்து நிஜக் கதவு வைத்தார். அது வாளியும் துடைப்பமும் வைக்கிற பின் நடைக்குத் திறக்கிறது. அம்மா அதைத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் கதவு சாத்தியிருந்தது. செங்கல் சுவரோரமாக ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. காவலாளி, நான் அந்தப் பக்கமே போகல, அதுங்க மூஞ்சியப் பாத்தாலே திரும்பி நடந்துடுவேன் என்கிறார். நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடிதான் இருந்தாய். ஆனால் துவைக்க எடுத்துவந்த உன் துணியின் கீழ்க்கரை முழுக்கச் சேறு. மண்டபத்தில் ஏது சேறு. அம்மா அதை வாளியில் அலசிக்கொண்டே, எங்கெல்லாம் சுத்திட்டு வந்தியோ என்று கொஞ்சுகிறாள். வெளியே போகிறவள்தானே கதவைச் சாத்திவிட்டுப் போவாள், கிளம்பிவிட்டாள், வந்துவிடுவாள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நம் வீட்டுப் பின்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். உன் பாயை வெயிலில் போட்டாள். இதை எல்லாம் எழுதச் சொன்னது அவள்தான்.

இப்போது அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள், குழாயடியில் இன்றைக்குக் கூட்டம். இனி எழுதுவது நான். நேற்று மத்தியானம் தனியாக உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பின்கதவு மெதுவாகத் திறந்தது, காற்று இல்லை, எதிர்வீட்டுக் கொடியில் துணிகூட அசையவில்லை. சமையலறைக்குள் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. அக்காவா என்று கேட்டேன். எனக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று உனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை கேட்டேன். மூச்சு மட்டும் கேட்டது. குழாய் வழியாக விடுகிற மாதிரி மெல்லிசாக, உள்ளே, வெளியே. ஊசி கையில் குத்தியதுகூடத் தெரியவில்லை. பிறகு கதவு சாத்திக்கொண்டது. போய்ப் பார்த்தால் படியில் வெள்ளையாகப் பொடி. கோலமாவு, மைதா என்று ஏதாவது சிந்தியதா என்று தேடினேன், வீட்டில் எதுவும் இல்லை. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அம்மா வருவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அவள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள், எனக்கு அதுதான் பயம். நீ வராமலே இருந்தால், பேசாத ஒன்று வந்து உன் பாயில் உட்கார்ந்தாலும் அவள் சோறு போட ஆரம்பித்துவிடுவாள்.

அக்கா, உனக்கு அம்மா மேல் என்ன கோபம் என்று நான் கேட்க மாட்டேன். லீவு இல்லை என்றால் ஒரு நாள் வந்துவிட்டுப் போ. அது வந்து உட்காருவதற்கு முன்னால் வா.

தண்ணீர்க் குடத்தோடு அம்மா வந்துவிட்டாள். என்னடி இவ்வளவு எழுதியிருக்க என்கிறாள். உனக்கு எந்தக் குறையும் வராமல், நினைத்தது நடந்து, நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று இரண்டு கையையும் உன் தலைமேல் வைத்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள். கையில் ஈரம் இருக்கிறது, அதனால் கைநாட்டு கொஞ்சம் பரவியிருக்கும். உனக்காகப் பின்கதவு திறந்தே இருக்கும் என்பதை மறக்காமல் எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

நீ அந்தப் பக்கம் வராதே. முன்வாசலுக்கு வா. வந்து தட்டாதே, யார் வேண்டுமானாலும் தட்டலாம். வெளியே நின்று ஏய் பூனை என்று சத்தமாகக் கூப்பிடு, தெரு முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை. அப்போதுதான் திறப்பேன்.

இப்படிக்கு,
அம்மா (கைநாட்டு)
எழுதியவள், உன் பூனை