அண்ணி அடித்துவிட்ட வரி

சிரிப்பை அடக்கத் தெரியாத என் அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னைப் பற்றி நீங்கள் ஊரெல்லாம் சொன்ன ஒரு விஷயத்தை அதே ஊர் முன்னால் நான் திருத்த வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணனுக்கு ஃபேக்டரியில் ஜெனரல் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். ரசம் வைக்கப் பழகிக்கொண்டார். புளியை மட்டும் இன்னும் கண்மண் தெரியாமல் கரைக்கிறார். நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தைக் கடைசியில் மூடியே விட்டார்கள் அண்ணி. நம் பாலகாட் டீக்கடைகளில் இப்போது யார் எந்த ஷாஃப்டில் இறங்கினார்கள் என்ற பேச்சு இல்லை. யார் பிள்ளைக்குப் பெங்களூரில் என்ன வேலை என்பதுதான் பேச்சு.

அந்தப் பேச்சில் என் பெயரும் அடிபட்டதற்கு நீங்கள்தான் காரணம்.

பி.எஸ்ஸி. கடைசி வருடத்தில் நான் இரண்டு பேப்பரில் விழுந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணன் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "டிகிரி இல்லாதவன் முப்பது வருஷம் ஆனாலும் அதே மெஷின்கிட்டதான் நிப்பான்டா. என்னைப் பாரு" என்றார்.

"என்னையுந்தான் பாருங்க" என்றீர்கள் நீங்கள், தட்டை மறுபடியும் அவர் முன்னால் நகர்த்தியபடி. "பி.எஸ்ஸி. கணக்கு, ஃபர்ஸ்ட் கிளாஸ். குடியாத்தத்துல இருந்து கொண்டாந்தேன். பீரோல பட்டுப்பொடவைக்கு அடியில கீது. இன்னா பண்ணுது அது? தம்பி கைக்கு வர்ற படிப்பா படிக்கட்டும், வுடுங்க."

அப்படித்தான் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில், துணிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நெட்வொர்க்கிங் சேர்ந்தேன். அந்தத் தடிப் புத்தகத்தை என்னைவிட நீங்கள்தான் அதிகம் படித்தீர்கள். கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கும் எண்முகவரியைப் பிரிக்கும் கணக்கு எனக்குத் தலைகால் புரியாமல் இருந்தபோது, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "இன்னா தம்பி இதுல கஷ்டம்? நம்ம மைனிங் லைன் வரிசை வூடுங்க மாதிரிதானே. மொதல்ல லைன் நம்பர், அப்பறம் வூட்டு நம்பர். லைன் எங்க முடியுது, வூடு எங்க ஆரம்பிக்குதுன்னு பாரு, அவ்ளோதான்." அதன்பிறகு அந்தக் கணக்கில் நான் தவறியதே இல்லை. பரீட்சை எழுதியிருந்தால் நீங்கள் என்னைவிட நல்ல மார்க் வாங்கியிருப்பீர்கள். எழுதச் சொல்லி உங்களிடம் யாராவது ஒருமுறை கேட்டோமா? நானாவது கேட்டிருக்கலாம் இல்லையா?

சர்டிபிகேட் வந்த பிறகு ரெஸ்யூம் எழுதினேன். எழுத்துப்பிழை பார்க்க உங்களிடம் கொடுத்தேன். நடுவில் ஒரு வரியில் உங்கள் பேனா நின்றது. "பி.எஸ்ஸி. முடிச்சதா போட்டுருக்க?"

"எல்லாரும் போடறாங்க அண்ணி. ரெண்டு பேப்பர்தானே."

"ரெண்டு பேப்பர் பாக்கின்னா முடிக்கலன்னு அர்த்தம். உனக்கு வேலை தெரியும். தெரிஞ்சத வச்சு கேளு." அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டீர்கள்.

அடித்தபடியே திருத்தி அனுப்பினேன். மூன்று மாதம் ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பெங்களூரில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த வரியை மறுபடி சேர்த்தேன். அடுத்த வாரமே இன்டர்வியூ. நெட்வொர்க்கிங்கைப் பற்றித்தான் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரிஜினல்களை அப்புறம் கொண்டு வா என்றார்கள். ஆள் எடுக்கும் அவசரத்தில் பிறகு கேட்கவே மறந்துபோனார்கள்.

நான் வேலை கிடைத்ததை மட்டும் சொன்னேன். நீங்கள் கைதட்டிச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "டிகிரி இல்லாமலே வாங்கிட்டான் பாருங்க எங்க தம்பி!" என்று மளிகைக் கடையில் சொன்னீர்கள், கோயிலில் சொன்னீர்கள், பங்காருபேட்டையில் ரயில் மாறும்போது முன்பின் தெரியாத ஒரு தெலுங்கு அம்மாவிடம்கூடத் தெலுங்கில் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்று பெட்டியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். உங்கள் முகத்தைப் பார்ப்பேன், விட்டுவிடுவேன். அப்புறம் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, ஆஸ்பத்திரி வந்தது, இதய வால்வு என்றார்கள். அங்கே வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் போனபின் இனி யாரிடம் சொல்லி என்ன என்று இருந்துவிட்டேன். சாந்தி மட்டும் வந்திருக்காவிட்டால் அப்படியேதான் இருந்திருப்பேன்.

பின்வரிசை வீட்டு சாந்தி, நீங்கள் கணக்கு சொல்லிக்கொடுத்த பெண். போன மாதம் பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்து ஓடி வந்தாள். கையில் ஒரு ஃபைல். ரெண்டாம் வருஷத்தோடு காலேஜை விட்டுவிட்டு நான் படித்த அதே கோர்ஸை முடித்திருக்கிறாள், பரீட்சையும் பாஸ். அது எனக்குத் தெரியாது அண்ணி.

"இருபது எடத்துக்கு மேல போட்டுட்டேண்ணா. ஒருத்தனும் கூப்பிடல" என்றாள். "உங்களுக்கு டிகிரி இல்லாமலே கெடச்சுதுன்னு அக்கா சொன்னாங்களே, அத நம்பித்தான் காலேஜ விட்டேன். எனக்கு மட்டும் ஏன் வரல? நாந்தான் மக்கு போல."

மக்கு என்று அவள் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஃபைலை மூடினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமா தெரியாது."

"அது போதும்" என்றாள். "அக்கா பொய் சொல்லல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜரின் அறைக்குப் போனேன். கேட்டு முடித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆளைக் குறைக்கிற நேரம் இது. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே?" என்றார். "உன் வேலையில குறை இல்ல. ஆனா தெரிஞ்ச பிறகு நான் வச்சுக்க முடியாது." ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன்.

அண்ணனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "அவ இருந்திருந்தா உனக்கு ரெண்டு அறை வச்சிருப்பா. அப்பறம் சோறு போட்டிருப்பா" என்றார். பிறகு எழுந்து, "எனக்கு அடிக்கத் தெரியாது" என்று சொல்லி எனக்குச் சோறு போட்டார். இரண்டு பேரும் உங்களை நினைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.

இப்போது சிவாஜிநகரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். ரெஸ்யூமில் பட்டம் முடிக்கவில்லை என்றே எழுதினேன். அந்த முதலாளி அதைப் படித்துவிட்டு, ஓடாமல் கிடந்த ஒரு சர்வரைக் காட்டி, சரி செய் என்றார். செய்தேன். எடுத்துக்கொண்டார். ஆனால் கான்ட்ராக்ட்தான். பெரிய கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும்போது டிகிரி கேட்கிறார்களாம், அதனால் என்னை அனுப்ப முடியாதாம். ஆக அண்ணன் சொன்னதும் சரி, நீங்கள் சொன்னதும் சரி. சர்டிபிகேட் எனக்கு வேலையைக் கற்றுத் தந்தது. டிகிரி கேட்டு மூடிய கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. இதை உங்கள் இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு சண்டை போட்டிருப்பீர்கள்!

சாந்தி மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றாள். காலேஜில் மறுபடி சேர்த்துக்கொள்கிறார்களாம். சர்டிபிகேட்டை விடப்போவதில்லை, இரண்டும் வேண்டும் என்கிறாள். "நீங்களும் அந்த ரெண்டு பேப்பர எழுதுங்கண்ணா. எழுதாம எங்கிட்ட அறிவுரை சொல்ல வராதீங்க" என்றாள். குரல் அப்படியே உங்களுடையது. அண்ணன் உள்ளேயிருந்து திரும்பிப் பார்த்தார்.

பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன் அண்ணி. பாஸ் செய்வேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய மாட்டேன், அது என் கையில் மட்டும் இல்லை. ஆனால் பாஸ் ஆனால் பாஸ் என்று சொல்வேன். தவறினால் தவறினேன் என்று மளிகைக் கடையிலும் கோயிலிலும் நானே போய்ச் சொல்வேன். உங்கள் வாயால் ஒரு பொய்யை ஊருக்குச் சொல்ல வைத்தவன், இனி உங்கள் பெயரைச் சொல்லி உண்மையை மட்டுமே பேசுவேன்.

நீங்கள் தம்பி என்றே கூப்பிட்ட,
உங்கள் கொழுந்தன்
சேகர்