எதிராகத் தூக்கிய கை

யுவ வருஷம், மாசி 5, திங்கள்

விடியலில் நல்ல பனி. எங்கள் பஸ் எஞ்சின் கிளம்ப முக்கால் மணி நேரம். கம்பம் ஸ்டாண்டில் இன்றும் அடிதடி. தேனிக்குப் போகிற கிழவி ஒருத்தியை, "வாங்க ஆத்தா, ஜன்னலோரத்து சீட்டு உங்களுக்குன்னே தொடச்சு வச்சிருக்கேன்" என்று ஏற்றிவிட்டேன். என்னை மாதிரியே ஆள் பிடிக்கிற எதிர் பஸ் ஏஜெண்டு அவள் மூட்டையைப் பிடித்து இழுத்தான். எஞ்சின் சுற்றுகிற கம்பியால் அவன் முழங்காலில் ஒன்று வைத்தேன். உட்கார்ந்துவிட்டான். கிழவியிடம் திரும்பி, "பயப்படாதீக, ஒங்க மகன் மாதிரி நான் இருக்கேன்" என்றேன். "ஆமா, எம்மகனும் இப்பிடித்தான் அடிப்பான்" என்றாள்.

பஸ் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். (எழுதி மாளவில்லை, இனி மு.) ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து எலெக்‌ஷன். மு.வும் எதிர் பஸ்காரரும் நேருக்கு நேர். வரி கட்டுகிறவர்கள் கோயில் முன்னால் நின்று, ஆபீசர் எண்ண எண்ணக் கை தூக்க வேண்டும். "அடி ஒதை நமக்கு வேணாம்டா. ஒன் வாய் போதும்" என்றார். என்னிடம் அவர் இதமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. என் வித்தையையே என்னிடம் காட்டுகிறார் என்று தெரிந்தும் உச்சி குளிர்ந்தது.

யாரை எதைச் சொல்லி மடக்குவது:
மொக்கையன் - காளை. நொண்டி. நொண்டி என்று வாயில் வரக்கூடாது. ராஜநடை.
மளிகைக்கடைக்காரர் - வேதக்காரர். ஜெபக்கூட்டத்தில் அவர் பாடுகிற குரல். (கழுதை தேவலை.)
ரெட்டைப் பனை வீட்டுக்காரர் - மீசை.
வீரணன் - ?

வீரணன் கை தூக்கினால் பங்காளிகள் பதினோரு கையும் பயத்தில் தூக்கும். அந்த ஆளை எதைச் சொல்லிப் புகழ?

மாசி 6, செவ்வாய்

காலையில் மூன்று பேர் முடிந்தது. காளையைத் தடவிக்கொடுத்தேன், உதைத்தது. தொடையில் கன்றல்.

மதியம் வீரணனின் வெற்றிலைக் கொடிக்கால். தனி ஆள். வாலிபத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக ஒருவன் கழுத்தை வெட்டிவிட்டு வருஷக்கணக்காக ஜெயில். திரும்பி வந்த பிறகு அவரிடம் யாரும் அதைப் பேசுவதில்லை. வேறு எதையும் பேசுவதில்லை. அவர் வந்தால் டீக்கடை பெஞ்சு காலியாகும்.

"மாமா, இப்பிடி வெத்தல கம்பத்துலயே இல்ல" என்றேன்.

"பூச்சி விழுந்து கெடக்கு. கண்ணு தெரியலயா?"

கட்டியிருந்த கோம்பை நாயைப் புகழ்ந்தேன். மாமனும் நம்பவில்லை, நாயும் நம்பவில்லை. வேட்டியைக் கிழித்துவிட்டது. இரண்டையும் ஒரே கல்லால் அடித்துக் கொல்ல வேண்டும்போல் இருந்தது. சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. பெண்டாட்டி மாயக்காவை அறைந்தேன். நாலு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: "ஊருல போற வார ஆளுக்கெல்லாம் நல்ல வார்த்த சொல்றீக. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்களேன், காதால கேட்டுக்கிறேன்." அதற்கும் ஒன்று விட்டேன். பகலெல்லாம் பல்லைக் காட்டுகிறவனுக்கு வீட்டிலாவது வாயை மூடிக்கொண்டிருக்க வழியில்லை.

மாசி 8, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. இரண்டாம் போகம் அறுப்பு. ஊரெல்லாம் வைக்கோல் தூசி, தொண்டை கரகரப்பு. பனங்கற்கண்டு வாங்க மறக்கக்கூடாது.

மாயக்காவின் தம்பி முத்துக்கருப்பன் வந்தான். எதிர் பஸ்காரரிடம் டிரைவர். அந்த வேலையில் அவனுக்கு என்ன பவிசு! காக்கிச் சட்டை, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. அக்காளுக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்தவன் அவள் கன்னத்தைப் பார்த்தான். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தான். என் நெஞ்சுச் சட்டையைக் கூட்டிப் பிடித்து, தெருவே பார்க்க விட்டான் ஒன்று. காது இன்னும் கொய்யென்கிறது.

"இன்னொரு தடவ அக்கா மேல கை வச்சீகன்னா அந்தக் கை இருக்காது மச்சான்."

எனக்குச் சொல்கிறான். பொடிப்பயல். அந்த வலது கை.

மாயக்கா அவனுக்குச் சோறு போட்டாள். எனக்கும் போட்டாள்.

மாசி 9, வெள்ளி

முடித்தேன்! வீரணன் நம் பக்கம்.

காது வலியோடுதான் போனேன். வெற்றிலை, நாய், தோட்டம் எதையும் தொடவில்லை. நேராகச் சொன்னேன்: "மாமா, அன்னைக்கு வாய்க்கா மேட்டுல நீங்க வீசுன வீச்ச எங்கய்யா சொல்லிச் சொல்லி மாஞ்சாரு. ஒரே வீச்சாம்ல."

(எங்கள் அய்யா ஒன்றும் சொன்னதில்லை. அந்தப் பக்கம் போகாதே என்று மட்டும் சொல்வார்.)

வெற்றிலைக் கொடி கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. என்னையும் வெட்டப்போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

"ரெண்டு வீச்சு" என்றார். "மொத வீச்சு தோள்ல பட்டுருச்சு. ரெண்டாவதுதான் கழுத்து."

பிறகு கொட்டித் தீர்த்தார். ரத்தம் வாய்க்காலில் எதுவரை போனது, அவன் கடைசியாக என்ன கேட்டான் (தண்ணீர்), எல்லாம். ஆகா ஆகா என்றேன். "நீ ஒருத்தன்தாண்டா மருமகனே இத வாயத் தொறந்து சொன்ன" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வெந்நீர் மாதிரிச் சுட்டது அந்தக் கை.

அந்த ஜோரில் நானும் சொன்னேன்: "இப்ப என்ன மாமா கொறஞ்சு போச்சு? ஒங்களுக்கு எதிரா கை தூக்குறவன் இந்த ஊருல உண்டா? எம்மச்சினன் மாதிரி பொடிப்பயலுகதான் துள்ளுறானுக."

"யாரு, டிரைவரா?"

"அவனேதான். நம்ம மேலயே கை ஓங்குறான் மாமா."

கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்துக் கல்லில் தீட்ட ஆரம்பித்தார். துரு. "நல்லாத் தீட்டுங்க, ஒரு அழகு வேணும்ல" என்று சிரித்துவிட்டு வந்தேன். மு. முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பனங்கற்கண்டு வாங்கினேன்.

மாசி 11, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு ஆபீசர் வந்தார். மு.வுக்குக் கை தூக்கச் சொன்னார். வீரணன் தூக்கினார், பங்காளிகள் தூக்கினார்கள். எதிர்ப்பக்கம் தூக்கச் சொன்னார். முத்துக்கருப்பன் முன் வரிசை. நன்றாக உயர்த்தி, என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினான். வீரணன் நடந்து போனதை எல்லோரும் பார்த்தோம். மெதுவாகத்தான் போனார். முதுகுப் பக்கமிருந்து எடுத்தார். ஒரே வீச்சு. மணிக்கட்டுக்கு மேலே. கை ஆபீசர் மேஜைக்குக் கீழே போய் விழுந்தது. விரல் மடங்கியது. முத்துக்கருப்பன் கத்தவில்லை, தூக்கினபடியே நின்றான். வெட்டுவாயிலிருந்து ரத்தம் பீச்சி அடித்தது.

கூட்டம் சிதறி ஓடியது. நான் நகரவில்லை. வீரணன் நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் ரத்தப்பொட்டு, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிப்பு.

"எனக்கு எதிரா கை தூக்குறவன் உண்டான்னு கேட்டியே மருமகனே. ஒருத்தன் இருந்தான், பாத்தியா? சொல்லு. எப்பிடி வீச்சு?"

அரிவாள் என் வயிற்றுக்கு நேரே இருந்தது. பயமா, பழக்கமா, சத்தியமாகத் தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது:

"ஒங்கள மாதிரி யாரு மாமா."

மாயக்கா எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். தம்பியைப் பார்க்க ஓடி வந்தவள்.

மாசி 12, திங்கள்

மேகமூட்டம். எலெக்‌ஷன் ரத்து. வீரணனைப் பிடித்துவிட்டார்கள்.

மு. காலையில் வந்தார். "ஒம்மச்சினன்ட்ட நீயே போய்ப் பேசு. நம்ம பேரு வரக்கூடாது. ஒன் வாய்க்கு மசியாத ஆளா?"

ஆஸ்பத்திரி போனேன். கையில் சுற்றிய கட்டுத் துணியில் ஈ. அவன் கண்ணைத் திறந்து, "மச்சான், வண்டிக்கு ஆளு போட்டுட்டாகளா?" என்றான். தலைமாட்டில் உட்கார்ந்து வார்த்தை தேடினேன். எல்லோருக்கும் ஒன்று இருந்தது. இவனுக்கு ஒன்றும் வரவில்லை. மாயக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து வெளியே போனாள். தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டரிடம் போயிருக்கிறாள். வீரணன் கேட்டது, நான் சொன்னது, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாளாம்.

வீட்டில் இருக்கிறேன். அடுப்பு மூட்டவில்லை. வாசலில் போலீஸ் ஏட்டு வந்து நிற்கிறார். கையில் தடி இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். குரலில் தேன் ஒழுகுகிறது.

"வாங்க ஏஜெண்டு. பயப்படாதீக. சும்மா ரெண்டு வார்த்ததான். ஒங்கள மாதிரி வெவரமான ஆளு இந்தத் தாலுகாவுலயே