அப்பா தாண்டிப் போகும் வரி

மரியே வாழ்க.

அன்பு மகள் ஜெயந்தினிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம், சைப்ரஸில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே போன் அவர் சட்டைப் பையில் கிடக்கிறது, அவர் காதுபட இதையெல்லாம் பேச முடியாது, அதனால்தான் புதன்கிழமை அங்கே வேலைக்கு வருகிற, நம் தோட்டத்து மேல் டிவிசன் யசோதினி கையில் கொடுத்தனுப்புகிறேன். மழை இன்னும் விடவில்லை, பண்டாரவளைக்குப் போகிற பஸ் பாதி நாள் ஓடுவதில்லை. நம் சிவலை மாடு கன்று போட்டிருக்கிறது. நல்ல பால்தான், ஆனால் அப்பா ஒரு சொட்டு தொடமாட்டார், வருஷம் முழுவதும் பால் ஊற்றாத தேயிலைச் சாயத்தண்ணியிலேயே ஓட்டுகிறார். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தம்பி நிஷாந்த் போய் ஒரு வருஷமாகிறது, வருகிற ஞாயிறு அவனுக்கு வருஷப் பூசை. உபதேசியார் என்ற முறையில் அப்பாதான் கோயிலில், நாம் நம்புவதையெல்லாம் வரிசையாகச் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தை எடுத்துச் சொல்ல வேண்டும், அங்கேதான் சிக்கல். அவர் ஒரு வரியை விட்டுவிட்டுச் சொல்கிறார், மகளே. சிலுவையில் அறையப்பட்டு, இறந்து, அடக்கம் செய்யப்பட்டார் என்று சொல்லி மூச்சு வாங்குவார், அடுத்து நேரே மூன்றாம் நாளுக்குப் போய்விடுவார். நடுவில் இருக்கிற 'பாதாளத்தில் இறங்கி' என்பது அவர் வாயில் வருவதில்லை. முதலில் மறதி என்று நினைத்தேன். இப்போது சனத்தில் பாதி அவரோடு தாண்டுகிறது, பாதி பழக்கத்தில் பாதாளத்திலேயே நிற்கிறது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேர் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. பாட்டுக் குழு ஜொனி பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டான். அவர் வீட்டுக்கே வந்து, ஞாயிறன்று முழுதாகச் சொல்ல முடியாவிட்டால் வேறொருவர் சொல்லட்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார். பாதாளம் என்றால் கெட்டவர்கள் எரிகிற இடம் என்றுதான் நான் இத்தனை வருஷமும் எண்ணியிருந்தேன். அது அப்படியில்லை என்று சாமியார் விளக்கினார், செத்தவர்கள் எல்லாரும் கிடக்கிற இருட்டாம், ஆண்டவர் அங்கேயும் இறங்கிப்போய் அவர்களைத் தேடினார் என்பதுதான் அந்த வரியாம். மண்சரிவில் போன நம் பிள்ளையின் உடம்பு கிடைக்கவேயில்லை, அடக்கம் செய்யப்பட்டான் என்று அவனுக்குச் சொல்ல வழியில்லை. அவனுக்கென்று இருப்பது அந்த அடுத்த வரி ஒன்றுதான். அதைப் போய் பெற்ற தகப்பனே தாண்டுகிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

சாமியார் போன கையோடு அப்பா மலைக்கு ஏறிவிட்டார். தினமும் சாயங்காலம் இதே வேலைதான். போகக்கூடாது என்று பலகை நட்டிருக்கிற இடம், போன கிழமை அங்கே இன்னொரு வெடிப்பு விட்டிருக்கிறது, எந்த நேரமும் மலையின் மறுபாதியும் சரிந்து வரலாம் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். நாம் குடியிருந்த பழைய லயம் இருந்த இடத்துக்கு மேலே நின்றார். காலடியில் மண் கொழகொழவென்று நகர்கிறது. ஏன் அந்த வரியை விழுங்குகிறீர்கள் என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, பேரைச் சொல்லிப் பேசினார். "கீழ போயி அவனத் தேடுனவரு, ஒன்ன இங்க அனுப்புனது யாருன்னு அவங்கிட்ட கேப்பாருல்ல கொரட்டி" என்றார்.

உனக்கு நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். தம்பி தானாகத்தான் லயத்துக்குத் திரும்பிப் போனான் என்று அன்றைக்குப் போனில் சொன்னேன். அது இல்லை. எச்சரிக்கை வந்து எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிய பிறகு, கட்டிக் கிடக்கிற மாட்டை அவிழ்த்துவிட்டு வா என்று அனுப்பியது அப்பா. சிவலை அதற்கு முன்பே கயிற்றை அறுத்துக்கொண்டு வேறு வழியாக இறங்கிவிட்டிருந்தது. அதன் பாலைத்தான் அவர் தொடுவதில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன், போகாதே என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு வருஷமாக மனசுக்குள் அவரை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நான் ஒரு வரிய விடுறேன். நீயும் ஒண்ண விடுறியே, வாய மட்டும் அசைக்கிற" என்றார்.

உண்மைதான் மகளே. அதே பிரமாணத்தில் பாவ மன்னிப்பை நம்புகிறேன் என்கிற இடத்தில் எனக்கு ஒரு வருஷமாகச் சத்தமே வருவதில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். அங்கே மலையில் இருட்டிக்கொண்டு வருகிறது, மேலே எங்கோ கல் உருளும் சத்தம் கேட்கிறது, அவர் அசையாமல் நிற்கிறார். பயத்தில் சொன்னேனா மனசால் சொன்னேனா தெரியாது, நான் விட்ட அந்த வரியைச் சத்தமாகச் சொன்னேன். ஒரு தரம் போதவில்லை. மூன்றாம் தரம் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல் இறங்கி வந்தோம்.

ஞாயிறன்று அவர் தன் வரியைச் சொல்வாரோ மாட்டாரோ, தெரியாது. நான் என்னுடையதைச் சொல்வேன். பூசை முடிந்து பத்து மணிக்கு உன்னோடு பேச வேண்டும், நானே பிள்ளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறார். மாட்டின் கதையை அப்போதுதான் முதல்முறை கேட்கிற மாதிரி கேள். இடையில் அழாதே, போனை வைத்துவிடாதே. உனக்குக் கோபம் வரும், அதை எனக்குத் தனியாக எழுது, நான் வாங்கிக்கொள்கிறேன். பனிக் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

அவர் எல்லாம் சொல்லி முடித்த பிறகு எங்கள் இருவருக்கும் கேட்கிற மாதிரி உன் பங்குக்கு அந்த மன்னிப்பு வரியைச் சொல். வாயை மட்டும் அசைக்காதே.

உன்னைப் பெற்றவள்,
லூக்காஸ் மரியகொரட்டி