உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி

ஜனவரி 11

கார் கதவு மறுபடி உறைந்து ஒட்டிக்கொண்டது. லூசியானாவில் இருபது வருஷம் நர்சாக இருந்தவள், வடக்கு மிஷிகனில் ஒரு ஏரிக்கரை ஊரில் ஹேர் டிரையரால் கார் கதவுக்குச் சூடு காட்டிக்கொண்டு நிற்கிறேன். அய்லா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்தாள். மாடி அறையை எனக்கு வாடகைக்கு விட்டிருப்பவள். அதே மருத்துவமனையில் நிரந்தர நர்ஸ். நான் பிப்ரவரி முடிய ஒப்பந்தத்தில் வந்தவள். அப்புறம் வேறு மாநிலம், வேறு ஊர். மூன்று வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

அவளுடைய அப்பா ஆர்வோ கீழ் அறையில் இருக்கிறார். இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தாராம். இப்போது இதயம் பலவீனம். காலில் நீர் கோத்துக்கொள்கிறது. டெல்ஃபின் என்ற என் பெயர் அவர் வாயில் வராது. "ஏய் லூசியானா, இன்னும் செத்துப் போகலையா குளிர்ல?" இதுதான் அவருடைய காலை வணக்கம்.

ஜனவரி 19

ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று எழுத்தில் தரவேண்டுமாம். நிர்வாகம் மாட்டேன் என்றுவிட்டது. நர்சுகள் சங்கம் ஓட்டெடுத்து முடித்துவிட்டது: வேலைநிறுத்தம்.

என்னை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மேடம். ஆனா பாதியில விட்டுட்டுப் போனா அடுத்த இடம் கிடைக்கிறது கஷ்டம்" என்றாள் அந்தப் பெண். குரலில் அவ்வளவு கனிவு.

ஜனவரி 24

முதல் நாள். மருத்துவமனை வாசலில் பனியில் நாற்பது ஐம்பது பேர். அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஒருத்தி "கருங்காலி" என்று கத்தினாள். போன வாரம் எனக்குச் சாண்ட்விச்சில் பாதி கொடுத்தவள். அய்லா கையில் கோரிக்கை அட்டையோடு நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

சாயங்காலம் சமையலறையில் சொன்னாள்: "ரூமைக் காலி பண்ணுன்னு சொல்ல மாட்டேன். ஸ்டிரைக்குக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டவ நீ. ஆனா காலையில காப்பி நீயே போட்டுக்க."

ஆர்வோ என்னைப் பார்த்ததும் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

பிப்ரவரி 2

ஆர்வோவுக்கு மூச்சு முட்டிவிட்டது. ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். என் வார்டுதான். அய்லா வாசல் வரை வந்து நின்றுவிட்டாள். நோயாளியின் மகளாக அவள் உள்ளே வரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். கிழவர்தான் ஆக்சிஜன் முகமூடியைத் தூக்கிவிட்டு, "வெளிய நிக்கிறவங்களைத் தாண்டி உள்ள வந்தேன்னா நீ எம் பொண்ணே இல்ல" என்றாராம்.

பிப்ரவரி 3

"கருங்காலி கையால மாத்திரை வேண்டாம்" என்றார் ஆர்வோ.

"சரி. நுரையீரல்ல தண்ணி நிக்குது. அதை என்ன செய்யலாம்?"

"நிக்கட்டும்."

அரை மணி நேரம் கழித்து மறுபடி போனேன். "மேசையில வச்சிட்டுப் போறேன், மிஸ்டர் ஹெய்க்கினென். நான் குடுத்ததா இருக்க வேண்டாம். நீங்களா எடுத்துக்கிட்டதா இருக்கட்டும்."

யோசித்தார். "நீ வெளிய போ மொதல்ல."

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விழுங்கிவிட்டார்.

பிப்ரவரி 8

தினமும் சாயங்காலம் இப்படித்தான். அய்லா பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்பாள்:

"எடை?"

"ஒரு கிலோ இறங்கியிருக்கு. நீர் வடியுது."

"சாப்பிட்டாரா?"

"சூப் மட்டும். உப்பில்லன்னு திட்டினார்."

"திட்டினாரா? அப்ப நல்லாத்தான் இருக்கார்."

ஷிப்ட் மாறும்போது நர்சும் நர்சும் பேசிக்கொள்வது போலத்தான். அவள் கைகள் பனியில் வெடித்துக் கிடக்கின்றன. என் களிம்பை எடுத்து வைத்தேன். காலையில் காப்பிப் பாத்திரத்தில் இரண்டு பேருக்கு இருந்தது.

பிப்ரவரி 15

இன்று எனக்கு ஒன்பது பேர். ஒன்பது. விமானத்தில் வரவழைத்த புது நர்சுகளில் ஒருத்தி நேற்றே கிளம்பிப் போய்விட்டாள். மேலாளரிடம் சொன்னேன், இது ஆபத்து என்று. "சமாளிங்க" என்றார். எப்படிச் சமாளிக்கிறதாம்? எனக்கு என்ன பத்துக் கையா இருக்கு?

பக்கத்து அறையில் ஒரு அம்மாவுக்கு ரத்தப்போக்கு. அவளை விட்டு அசைய முடியவில்லை. ஆர்வோவின் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அப்புறம் ஒரு சத்தம்.

அவரே எழுந்து கழிப்பறைக்குப் போகப் பார்த்திருக்கிறார். தரையில் கிடந்தார். முழங்கை கிழிந்து ரத்தம். எலும்பு முறியவில்லை. தூக்கி உட்காரவைத்துக் கட்டுப் போட்டேன். பிறகு சொன்னார்:

"மணி அடிச்சேன்."

"கேட்டுச்சு."

"கேட்டிருக்கும்னு தெரியும். இதுக்காகத்தான் அவங்க வெளிய நிக்கிறாங்க."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

அய்லாவிடம் நானே சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 22

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டலாமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? போட்டது ஒரு கையெழுத்து, அதைக் காப்பாற்றுகிறேன். இனிமேல் போட்டால் அது வேறு. அப்போது வாசலில் அவர்கள் சொல்லும் பெயர் எனக்குப் பொருந்தும்.

வீட்டுக்கு வந்து, போடப்போவதில்லை என்று அய்லாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப் போனது.

"போட்டுரு."

"என்ன?"

"கையெழுத்தைப் போட்டுரு டெல்ஃபின். நீ போயிட்டா அவரை யார் பாப்பா? அவர் பேரு கூடத் தெரியாத எவளோ வருவா. மாத்திரையை மேசையில வச்சாதான் எடுப்பார்னு அவளுக்கு யார் சொல்றது?"

"நீயா இதைச் சொல்ற?"

"நான்தான் சொல்றேன். எனக்கே கேவலமாத்தான் இருக்கு." அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அழுதாள்.  

பிப்ரவரி 23

ஆர்வோவிடம் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு விடாமல் தோண்டினார். அய்லா கேட்டது வரை சொல்லிவிட்டேன்.

"நீ கையெழுத்துப் போட்டேன்னா மேசையில வச்சாலும் எடுக்க மாட்டேன்."

"போடலைன்னா உங்களைப் பாக்க ஆளில்ல."

ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே அவர்கள் பீப்பாயில் நெருப்பு மூட்டியிருந்தார்கள்.

"உன் வேலை எப்ப முடியுது?"

"இருபத்தெட்டாந்தேதி."

"அன்னிக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. ரெண்டு நர்ஸ் இருக்கிற வீட்டை விட்டுட்டு நான் ஏன் இங்க கிடக்கணும்?"

பிப்ரவரி 28

டாக்டர் வேண்டாம் என்றார். வீட்டில் ஆக்சிஜன், தினமும் எடை, உப்பில்லாத சாப்பாடு, ஏதாவது ஆனால் உடனே கொண்டுவரவேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் அனுப்பினார். நான் ஷிப்டை முடித்து, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, கோட்டை மாட்டிக்கொண்டு சக்கர நாற்காலியைத் தள்ளினேன்.

வாசலில் சத்தம் அடங்கியது. ஆர்வோ தொப்பியைத் தொட்டார். அவர்கள் விலகி வழிவிட்டார்கள். 'கருங்காலி' என்று கத்தியவள் ஓடிவந்து அவருக்காகக் கார் கதவைத் திறந்து பிடித்தாள். 

மார்ச் 6

நான் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. காலையில் அய்லா மருத்துவமனை வாசலுக்குப் போகிறாள். நான் இவரோடு. பிற்பகல் அவள் வந்ததும் நான் தூங்குகிறேன்.

"சம்பளமில்லாம வேலை பாக்கிறியே, மூளை கெட்டுப்போச்சா லூசியானா?"

"வாடகையில்லாமத்தானே இருக்கேன்."

"அப்ப நாங்கதான் ஏமாந்துட்டோம்."

ஏஜென்சிக்காரி இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 12

நுரையீரலில் மறுபடி தண்ணீர். நானும் அய்லாவும் மாற்றி மாற்றி முதுகுக்கு முட்டுக்கொடுத்தோம். டாக்டரைக் கேட்டு மருந்தைக் கூட்டினோம். விடிந்ததும் பேஸ்டி கேட்டார், இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்தது, உப்போடு. கொடுக்கவில்லை. திட்டினார்.

மார்ச் 19

வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டதில் பாதி கிடைத்ததாம். வார்டில் ஒரு நர்சுக்கு ஐந்து பேருக்கு மேல் கிடையாது. அய்லா சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த இரண்டு மாதத்தில் ரொம்ப மெலிந்துவிட்டாள். போட்டுப் பார்த்தபோது இடுப்பில் தொளதொளத்தது, பின் குத்திக் கொடுத்தேன்.

ஏப்ரல் 14

அடுத்த வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: அந்த ஊர் நர்சுகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினால் என் ஒப்பந்தமும் அன்றே முடியும், அபராதம் இல்லாமல். இரண்டு இடங்களில் மாட்டேன் என்றுவிட்டார்கள். நெப்ராஸ்காவில் ஒரு சின்ன மருத்துவமனை ஒத்துக்கொண்டது. போன வேலையை விடக் குறைந்த சம்பளம்தான்.

ஆர்வோவிடம் சொன்னேன்.

"நெப்ராஸ்காவுல சுரங்கம் இருக்கா?"

"இல்ல."

"ஏரி?"

"நம்ம ஏரி மாதிரி இல்ல."

"அப்புறம் என்னதான் இருக்கு அங்க?"

"நோயாளிங்க இருக்காங்க."

"ம்" என்றார். நம்ம ஏரி என்று சொன்னதை அவர் கவனித்தாரா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன். பனிக்கோட்டு அங்கே இப்போதைக்குத் தேவைப்படாது. மாடி அறை அலமாரியிலேயே மாட்டி வைத்துவிட்டேன். அய்லா பார்த்தாள். எடுத்துக்கொண்டு போ என்று சொல்லவில்லை.