தலைகீழ்ப் படங்கள்

மார்ச் 4, 2025 — செவ்வாய்

இன்று 140 படங்கள் பார்த்து முடித்தேன். அப்பா போய் ஆறாவது நாள். வாடகை நாற்காலிகள் இன்னும் வாசலில் கிடக்கின்றன. எங்கள் ஊர் உலு திராமில் யாருக்கும் அவசரம் இல்லை.

சித்தப்பா ஒன்றில் சாய்ந்துகொண்டு, "இப்பகூட கம்ப்யூட்டரா? அலமாக்! யுவனா, அப்படி என்னதாம்மா வேல?" என்றார்.

"எதிர்ப்பொருள்னு ஒன்னு இருக்கு சித்தப்பா. அத விட்டா கீழ விழுமா, மேல போவுமான்னு பாக்குறோம்."

"அதுக்கு ஜெனீவா வரைக்கும் போவணுமா?"

போகணும். ஐந்து வருடமாக அங்கேதானே இருக்கிறேன்.

மார்ச் 5

210 படங்கள். அழுகை வரவில்லை. வரும்போது வரட்டும்.

மார்ச் 8 — சனி

அம்மா இன்றுதான் சொன்னார். ஆகஸ்டிலேயே கல்லீரலில் கட்டி என்று தெரிந்துவிட்டதாம். "உன் வேல கெட்டுப்போயிடும்னு யாரையும் சொல்ல விடல அப்பா. தெப்ராவ்ல அவரு வேல செஞ்ச ஃபேக்டரியில கூட சும்மா லீவுன்னுதான் சொன்னாரு."

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? மாலையில் 160 படங்கள்.

மார்ச் 11

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

எதிர் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தக் கூண்டில் பிடித்துவைத்து, மெல்லத் திறந்துவிடுகிறோம். சுவரில் பட்ட நொடியில் அணு அழிந்து, கோடுகளாகத் தடம் விடும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ண வேண்டும். வேண்டாத தடங்களைக் கண்ணால் பார்த்துத் தள்ளுவது என் வேலை. முடிவை எதிர்பார்த்துக் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதால், பாதிப் படங்களைத் தலைகீழாக்கிக் கலந்து தருவார்கள். எது மேல், எது கீழ் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது.

எனக்குத் தெரிகிறது. கருவியின் அடிப்பக்கத்தில் ஒரு பட்டை பழுது. அந்த இடம் மட்டும் படத்தில் வெறுமையாக இருக்கும். அது மேலே இருந்தால் படம் தலைகீழ். வேலை தொடங்கிய மூன்றாம் நாளே கண்டுகொண்டேன். சொல்லவில்லை. சொன்னால் என் ஆறு வாரப் பார்வையும் குப்பை. ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பு இந்த வேலையை நம்பித்தான்.

இன்னொன்று. நவம்பரில் வீடியோவில் பேசியபோது அப்பாவுக்குப் பின்னால் பச்சைத் திரை தொங்கியது. எங்கள் வீட்டில் ஏது பச்சைத் திரை? ஆஸ்பத்திரி என்று பார்த்ததுமே புரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. "பசியாறிட்டியாம்மா?" என்றார். ஆச்சுப்பா என்றேன். கேட்டிருந்தால் கிளம்பி வரவேண்டியிருக்கும். கேட்கவில்லை.

தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது எனக்குக் கைவந்த கலை போலும். சீ.

மார்ச் 12

குழுத்தலைவி எலேனாவுக்குப் பட்டை விஷயத்தை எழுதி அனுப்பிவிட்டேன். எதுவுமே ஆகவில்லை.

மார்ச் 14 — வெள்ளி

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. எலேனாவின் பதில்: நான் பார்த்தவை அத்தனையும் தள்ளுபடி. வேறு இருவர் முதலிலிருந்து பார்ப்பார்கள். என் ஒப்பந்தம் பற்றிப் பிறகு பேசலாமாம். சொன்னதற்கு நன்றி என்றும் இருந்தது.

பந்தியில் மோர் பரிமாறினேன்.

மார்ச் 29

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 17 — வியாழன்

மாலை நாலு மணிக்கு ஜெனீவாவில் முடிவைத் திறந்தார்கள். வீடியோவில் நானும் திரையின் ஒரு மூலையில் இருந்தேன். கீழேதான் விழுகிறது. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

அடுப்படிக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"முடிவு வந்துருச்சும்மா. கீழதான் விழுது. மத்ததெல்லாம் விழுற மாதிரியே."

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். "இதுக்கா உன்ன கூப்பிட வேணாம்னு அப்பா எங்க வாயக் கட்டிப் போட்டாரு?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியும்மா. நவம்பர்லயே. அப்பா ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறாருன்னு பாத்ததுமே தெரிஞ்சிச்சி. கேட்டா வரணுமேன்னுதான் கேக்கல."

கத்தி நின்றது.

"தெரிஞ்சுமா வரல?"

"ஆமாம்மா."

எழுந்து அறைக்குள் போய்விட்டார். மீதி வெங்காயத்தை நான் உரித்து முடித்தேன்.

ஏப்ரல் 18

அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம் அடுப்படிக்குப் போனால், என் சோறு மட்டும் தட்டில் போட்டு மூடி வைத்திருந்தது. மூடியைத் திறந்ததும் அழுதேன். அப்பா போய் ஐம்பது நாளாகியிருக்கிறது.

இப்போதைக்கு ஜெனீவாவுக்கு வரவில்லை என்று எலேனாவுக்கு எழுதிவிட்டேன்.