ஜன்னல் ஓரத்தில் நிற்கும் தகர பஸ்

அன்பு மகள் செக்கரம்மாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம், அவளுடைய முழங்கால்தான் மாடிப்படியைப் பார்த்தாலே மக்கர் பண்ணுகிறது. நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். ஈரத்தலையோடு வெளியே போகாதே, நின்றுகொண்டே சாப்பிடாதே.

உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து மாதம் பிறந்ததுமே போனில் வந்து குதித்துவிட்டது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் நீ தனக்கு அனுப்பியதைப் பெருமையாகக் காட்டினார், அதே மணி, அதே மினுமினுப்பு, அதே வரி. உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் என்று போட்டிருக்கிறாய். எங்கள் குடும்பத்தார் யாரம்மா, அந்த டாக்டரா? அதற்குக் கீழே லீவு கிடைக்கவில்லை, இந்த வருஷமும் வர முடியாது என்று ஒன்றரை வரி. அதைப் பிறகு பேசுகிறேன், முதலில் உன் அண்ணன் கூத்தைக் கேள்.

துரை இந்தத் தடவை வீட்டை அலங்கரிக்க ஆள் வைத்தார். ஆமாம், காசு கொடுத்து! கழுத்தில் அளவு நாடா தொங்க ஒருத்தன் வந்தான், எல்லாம் வெள்ளையும் வெள்ளியும்தான் என்றான், மரத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது. குடிலுக்குக் கண்ணாடிப் பொம்மைகள். சூசையப்பர் யார், இடையன் யார் என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. பாலகன் கரைந்துபோன சோப்புக்கட்டி போல் கிடக்கிறார். மருமகள் என்னவோ தானே ஊதிச் செய்ததுபோல் வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறாள். நம் பழைய குடிலைக் கந்தல் துணியோடு அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டார்கள். பெட்டியிலிருந்து உன் தகர பஸ்ஸை அந்த அளவு நாடா எடுத்து, சார், ஏசு பொறந்தப்ப பஸ் ஏது, இது தப்பா வந்துடுச்சு போல என்றான். காலமெல்லாம் பஸ் ஓட்டினவனுக்கு இவன் பஸ் பாடம் நடத்துகிறான்! உன் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, விடுங்கப்பா, நாலு பேர் வர்ற இடம், அசிங்கமா இருக்கும் என்கிறான்.

அசிங்கமாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எனக்கு எப்போதும் தொலைதூர டூட்டி. அப்பா இல்லாத குடில் என்ன குடில் என்று அழுது, நீதானே அந்த பஸ்ஸை அலமாரிக் கோடியில் நிறுத்தினாய், முன்சக்கரம் போனபோது என் காக்கிச் சட்டைப் பொத்தானை வைத்து அம்மா கட்டினாளே, அந்த பஸ். காலையில் நான் வந்து, முகம்கூடக் கழுவாமல், அதை உருட்டிக்கொண்டுபோய்க் குடிலில் மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால்தான் கேக் வெட்டலாம் என்பது உன் சட்டம். நான் வரும்வரை பெரியவன் கேக்கைப் பார்த்து முனகிக்கொண்டே இருப்பான். ஒருமுறை ஓரத்தைக் கிள்ளித் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான், நீ அவன் உதட்டோரத் துணுக்கைப் பிடித்துவிட்டாய், டிக்கெட் இல்லாதவனைப் பிடிக்கிற செக்கர் என்று அன்று நான் வைத்த பெயர்தானே அது. அந்தத் தீனிப்பண்டாரம் இன்றைக்கு எனக்கு அழகு சொல்லித் தருகிறது!

பெட்டியை நான் எங்கள் அறைக்குத் தூக்கி வந்துவிட்டேன். அம்மாவின் தையல் மெஷின்மேல் நம் குடில் இருக்கிறது, மூக்கு உடைந்த ராஜாவும் உண்டு. பஸ்ஸை ஜன்னல் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

இப்போது உன் லீவு. யாரிடம் கதை விடுகிறாய்? டிப்போவில் லீவு கேட்டுக் கிடைக்காதவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நான். மேனேஜரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள், டீ டம்ளரை ணங்கென்று வைப்பார்கள். நீயோ பதவிசாக ஒன்றரை வரி எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சியும் வைத்திருக்கிறாய். நீ கேட்கவே இல்லை. பெரிய உத்தியோகம், பெரிய ஊர், வாயைத் திறந்து நாலு நாள் கேட்கத் துப்பில்லை. அம்மா இதைப் படித்துவிட்டு, பாவம், என்ன கஷ்டமோ, திட்டாதீங்க என்கிறாள். அவள் அப்படித்தான் சொல்வாள். அவளே நேற்று கேக் டப்பாவை உன் பழைய தாவணியால் சுற்றிக் கட்டில் அடியில் தள்ளினாள், ஏன் என்று கேட்டால் எறும்பு வரும் என்கிறாள்.

பஸ்ஸை நான் உருட்டப் போவதில்லை. நான்தான் வீட்டில் இருக்கிறேனே, எனக்கெதற்கு பஸ்? இப்போது வழியில் இருப்பது நீதான். வந்து நீயே உருட்டு, முகம் கழுவாமல் வந்தாலும் சரி, பண்டிகை முடிந்து வந்தாலும் சரி, அதுவரை கேக்கில் கத்தி படாது. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மாவின் முத்தங்கள். நாளைக் காலையில் போய் லீவு கேள். இல்லை என்று சொன்னால், அந்த ஆளை நாலு பக்கம் திட்டி எனக்கு எழுது, அப்போது நம்புகிறேன்.

இப்படிக்கு,
வீடு வந்து சேர்ந்துவிட்ட
அப்பா